மாத்திரைக்குக் காம்ப் ஆஃப் கொடுத்தவர்

உழைப்பாளிகளுக்காகப் போராடியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. பிரஷர் குக்கருக்காகப் போராடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் 'வீக்லி ஆஃப்' சார்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் நான் கிளார்க்காகச் சேர்ந்தேன். அங்கே அவர் சூப்பர்வைசர். யாருக்கு எந்த ஷிஃப்ட், யார் எப்போது லீவு எல்லாம் அவருக்கு மனப்பாடம். தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வரும். போதாக்குறைக்கு, ஏ.எஸ்.ராவ் நகரில் எங்களுக்கு எதிர்வீடும் அவர்தான். ஆபீஸில் தப்பித்தாலும் வீட்டில் மாட்டிக்கொள்வேன்.

"உழைக்கிற எதுக்கும் வாரத்துல ஒரு நாள் ஓய்வு வேணும்மா. மனுசனுக்கு மட்டுமில்ல, மிசினுக்கும்தான்" என்பார் திருநெல்வேலித் தமிழில்.

சொன்னதோடு நிற்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஸ்கூட்டர் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். கொளுத்துகிற மே மாதத்திலும் ஃபேன் ஓடாது. விருந்தாளிகள் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார்கள். சுவர்க்கடிகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, திங்கள் காலை எங்கள் வாசலில் வந்து மணி கேட்பார். குக்கருக்கும் கேஸ் அடுப்புக்கும் லீவு என்பதால் ஞாயிறன்று விறகடுப்பில் பானைச் சோறு.

"எல்லாத்துக்கும் லீவு குடுத்துட்டாவ. அதனால எனக்கு மட்டும் ரெட்டை வேலை" என்றார் அவர் மனைவி பொன்னக்கா, விறகுப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்படிப்பட்டவருக்கு ஆஸ்துமா முற்றியது. ஒரு வார்த்தை பேசுவார், நிறுத்துவார், மூச்சுக்குத் தவிப்பார், அடுத்த வார்த்தைக்கு நாங்கள் காத்திருப்போம். அவரிடம் திட்டு வாங்குகிறவர்கள் பாதியிலேயே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் நிலைமை மோசமானது. கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்டீராய்ட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். அவருடைய தமிழில் ஹைதராபாத் உருது மசாலா தூக்கலாக இருக்கும்.

"காலையில டிஃபன் சாப்பிட்டுப் போடுங்க. வெறும் வயித்துல நக்கோ, போடவே வேணாம். உடம்பு சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவே கூடாது. எப்ப குறைக்கணும்னு நான் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும்தான்!"

ஆடிப்போய்விட்டார் மனிதர். "ஏழு நாளும் டூட்டியாம்மா? லேபர் கோர்ட்டுல நிக்குமா இது?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். ஆனாலும் பொன்னக்காவுக்குப் பயந்து சாப்பிட்டார். மூச்சு சீரானது. பசியோ பிடுங்கித் தின்றது. கேன்டீனில் அவர் நுழைந்தாலே இட்லித் தட்டை உள்ளே நகர்த்தினார்கள். தூக்கம் குறைந்தது, எரிச்சல் கூடியது, முகம் பூரி மாதிரி உப்பியது. ஒரு நாள் கேட்டில் செக்யூரிட்டி அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே ஃபோட்டோ தும்ஹாரா நை சாப்" என்று, படத்தில் இருப்பது அவர் இல்லை என்று சாதித்து, உள்ளே விட மறுத்தான். இதெல்லாம் மாத்திரையோடு வருவதுதான் என்று சொல்லி, டாக்டரம்மா பிரஷரையும் சுகரையும் அவ்வப்போது பார்த்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. சுண்டல் வாங்க எதிர்வீட்டுக்குப் போனேன். ஸ்பேனர், கத்தரிக்கோல், குக்கர் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஜம்மென்று மாத்திரை பாட்டில்!

"சார், இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

"அதுக்கு லீவும்மா. இத்தனை ஞாயித்துக்கிழமை வேலை வாங்கியிருக்கேன்லா? அத்தனைக்கும் சேத்து காம்ப் ஆஃப் குடுத்துட்டேன்."

விடுமுறை நாளில் வேலை செய்தவருக்கு ஈடாக வேறொரு நாள் கொடுக்கிற லீவுதான் காம்ப் ஆஃப். மழைக்காலத்து ஞாயிறுகள் அத்தனையையும் கூட்டி, மொத்தமாக மாத்திரைக்குக் கொடுத்துவிட்டார்!

"டாக்டரம்மாவைக் கேட்டீங்களா, சார்?"

"லீவு சேங்ஷன் பண்றது டைம் ஆபீஸ்மா. டாக்டர் இல்ல."

பொன்னக்கா கெஞ்சினார், நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் மசியவில்லை. பூஜை முடிந்து தொழிற்சாலை திறந்த சில நாளிலேயே ஒரு காலை பொன்னக்கா தலைவிரி கோலமாக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். விடிந்ததிலிருந்து வாந்தி, எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்றார். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பாதாளத்தில் இருந்தது. ஊசி போட்டு, டிரிப் ஏற்றிவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மாத்திரையை நிறுத்திட்டாரா?"

"மாத்திரை... லீவுல இருக்கு, டாக்டர்" என்று சொல்லிவிட்டு பொன்னக்கா சுவரில் சாய்ந்து அழுதார்.

காம்ப் ஆஃப் என்றால் என்னவென்று நான்தான் டாக்டரம்மாவுக்கு விளக்கினேன். தினமும் ஆபீஸில் பத்துப் பேருக்குச் சொல்கிற விஷயம். அன்றைக்கு இரண்டு தடவை தப்பாகச் சொல்லித் திருத்தினேன். "பிழைப்பாரா?" என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று உள்ளே போய்விட்டார். அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பதே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கண் விழித்தார். விழித்ததுமே, "லீவு ஒரு உரிமை..." என்று முனகினார்.

டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்! "காய்கு? ஏன் இப்படிப் பண்ணீங்க? உங்க கிட்னி மேல ஒரு சுரப்பி இருக்கு. இந்த மாத்திரை செய்ற வேலையை உடம்புக்குள்ள அதுதான் செய்யும். வெளியிலருந்து மாத்திரை வந்ததும் அது வேலையை விட்டுட்டுத் தூங்கிடுச்சு. நீங்க மாத்திரையையும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. அப்ப டூட்டியில யார் இருந்தா?"

சாருடைய முகம் மாறிப்போனது. எங்கள் தொழிற்சாலையில் அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து பொறுப்பேற்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது. அந்த விதிக்காக அவரே எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்.

"ரிலீவர் வராமலே ஆளை அனுப்பிட்டேனே! சஸ்பென்ட் பண்ண வேண்டிய குத்தம்மா இது" என்றார் என்னைப் பார்த்து.

"அந்த ரிலீவர் டக்குனு வரமாட்டார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் எழுப்பணும். எவ்வளவு, எப்போன்னு நான் சொல்வேன்" என்றார் டாக்டரம்மா.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! பல் பிடுங்கப் போனவர், வாயைத் திறப்பதற்கு முன்பே "நான் ஸ்டீராய்ட் சாப்பிடுதேன்" என்று அறிவித்தார். தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை என்றதும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், நாலு தெரு சுற்றி ஆபீஸ் வந்தார். முழங்கால் வலிக்கு அவருடைய மாத்திரையில் ஒன்றைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். "ஒருத்தர் அட்டென்டன்ஸ் கார்டை இன்னொருத்தர் பஞ்ச் பண்ணலாமாவே? டிஸ்மிஸ்தான்!" டாக்டரம்மா அளவைக் குறைக்கக் குறைக்க எங்களுக்குச் செய்தி வரும்: "ரிலீவர் கேட்டுக்கு வந்துட்டாரு." அப்புறம், "யூனிஃபாரம் மாத்துதாரு."

பல மாதம் கழித்து, டாக்டரம்மா சொன்ன பிறகே மாத்திரை நின்றது. முகம் வடிந்து பழைய ஒட்டின கன்னம் திரும்பியது. ஒரு காலை பஸ் கிடைக்காமல் நான் தாமதமாகப் போய் நின்றேன். ஆரம்பித்தார் பாருங்கள்! ஒழுங்கில் தொடங்கி, தேசத்தின் உற்பத்தி வழியாக, என் மாமியார் வரைக்கும் போனார். எங்கேயும் நிறுத்தவில்லை, ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. திட்டட்டும், இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.