அச்சடித்த வரிசையில் ஒரு தலைசுற்றல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நோயாளி ஆகிவிடுவது என்று புரூஃப் ரீடர் வியாழக்கிழமையே முடிவு செய்துவிட்டார். வியாதியைத் தேதி குறித்து வரவழைப்பவர்கள் உலகத்தில் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மச்சினன் வீடு மாறுகிறான். மனைவியின் ஒரே தம்பி. புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவனிடம் இரும்பு பீரோ மட்டும் இரண்டு. "மாமா இருக்கும்போது கூலியாள் எதுக்குக்கா?" என்று அவன் போனில் கேட்டதும், "அவரு வருவாருடா" என்று அக்கா வாக்குக் கொடுத்ததும் புரூஃப் ரீடர் காதிலேயே விழுந்தது.

அதே ஞாயிறு மாலை நாலு மணிக்கு மன்றத்தில் கேரம் இறுதிப் போட்டி. பதினோரு வருஷம் விளையாடி, பதினோரு வருஷமும் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு நடந்தவர், இந்த வருஷம் எப்படியோ இறுதிக்கு வந்துவிட்டார். இரண்டு பீரோவை மூன்று மாடி ஏற்றிய கையால் ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் அது நடுவர் மடியில் போய் விழும். மனைவியிடம் சொன்னாலோ, "என் தம்பியை விட கேரம் பெரிசா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லும் தைரியம் அவர் பரம்பரையிலேயே யாருக்கும் இல்லை. ஆகவே போட்டியைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஊரே அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிடும். அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆண்பிள்ளை இவர்தான். அவளிடம் காய்ச்சல் செல்லாது, தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுவலியும் செல்லாது. ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு "எழுந்திரிங்க" என்பாள்.

நல்லவேளையாக, டாக்டர் பத்து நாள் முன்னால் பிரஷருக்குப் புது மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த டப்பாவுக்குள் எட்டாக மடித்த ஒரு தாள். அடிக்கடி வரும் பக்கவிளைவுகள், சில சமயம் வருபவை, மிக அரிதாக வருபவை என்று பொடி எழுத்தில் ஒரு புதையலே இருந்தது. அச்சகத்தில் இருபது வருஷம் பிழை திருத்தியவர் அதை நாலு தடவை படித்தார். ஓரிடத்தில் கால்புள்ளி விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷம், சிவப்பு மையால் போட்டுவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணி. "ஏம்மா... தலை சுத்துதும்மா."

கொண்டையில் ஊசி செருகிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "படுத்திருக்கும்போதா, எழுந்திரிக்கும்போதா?"

கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "எழுந்திரிக்கும்போது."

"ரூம் சுத்துதா, நீங்க சுத்துறீங்களா?"

"ரெண்டும்... மாறி மாறி."

அவள் பிரஷர் மெஷினை எடுத்து வந்தாள். படுக்கவைத்து ஒரு தடவை பார்த்தாள். நிற்கவைத்து ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிஷத்தில் இன்னொரு தடவை. நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பயப்படாதீங்க. புது மாத்திரைக்குச் சிலருக்கு இப்படி வரும். நான் பாத்துக்கறேன்."

"அப்ப நீ தம்பி வீட்டுக்கு..."

"உங்களை இப்படிப் போட்டுட்டா? நல்லா இருக்கே நியாயம்! இருங்க, அவனுக்கு போன் பண்ணிட்டு வரேன்."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவருக்குக் கண் கலங்கியது. இவள் வீட்டிலேயே இருந்தால் மன்றத்துக்கு எப்படிப் போவது என்று நினைத்ததும் கலங்கிய கண் காய்ந்துபோனது.

பணிவிடை ஆரம்பமானது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகளால் அணை கட்டினாள். "மயங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா யாரு பாக்குறது?" பாத்ரூம் போகவேண்டுமென்றால் முதலில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். பிறகு அவள் கையைப் பிடித்து நடக்க வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது.

"உள்ள பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்தைப் பேசறது?"

"எதையாவது. சத்தம் நின்னா நான் உள்ள வந்துருவேன்."

புரூஃப் ரீடர் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே காரியத்தை முடித்தார்.

ஒரே வியாதியில் நின்றால் சந்தேகம் வரும் என்று பயந்து, எட்டரைக்குத் தலைவலியைச் சேர்த்தார். ஜன்னல் திரை மூடப்பட்டது. செய்தித்தாளும் செல்போனும் பறிபோயின.

"பேசாம அந்த மாத்திரையை நிறுத்திட்டா என்னம்மா?"

"நீங்களா நிறுத்தற வேலையே கூடாது. பிரஷர் எகிறிடும். டாக்டரைக் கேட்டுத்தான் எதுவும்."

ஒன்பதுக்கு வறட்டு இருமல். ஒன்பதரைக்குக் குமட்டல். குமட்டலில்தான் அவர் வசமாக மாட்டிக்கொண்டார். அவருக்காக வைத்திருந்த முட்டையும் ரொட்டியும் அவர் கண்ணெதிரே அவள் வாய்க்குள் போயின. அவருக்கு உப்பில்லாத சூப், அரைமணிக்கு ஆறு ஸ்பூன். பதினொன்றுக்கு நாக்கில் ருசியே இல்லை என்றார். அது மட்டும் உண்மை. அந்த சூப்பைக் குடித்த யாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உள்ளே போன தண்ணீரையும் வெளியே வந்த தண்ணீரையும் அவள் அளந்து நோட்டில் குறித்தாள்.

"ஒருக்களிச்சுத் திரும்புங்க. ஒரே பக்கமாப் படுத்தா முதுகுல புண்ணு வந்துரும்."

"ஒரு நாள்லயா?"

"வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றதுக்கு நான் என்ன டாக்டரா? திரும்புங்க."

இரண்டரை மணிக்குப் பசியும் பயமும் சேர்ந்துகொண்டன. "இப்ப எவ்வளவோ தேவலைம்மா. சும்மா காலாற ஒரு நடை..."

"தேவலைன்னு எழுந்திரிக்கிறவங்கதான் விழுந்து அடிபடறாங்க. நாளைக்குக் காலை வரைக்கும் படுக்கைதான்."

மூன்று மணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிஜமாகவே தலை சுற்றியது. இனி மானம் பார்த்தால் கோப்பை போய்விடும். எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமே இல்லைம்மா! காலையிலேர்ந்து எல்லாம் நடிப்பு!"

அவள் பதறவில்லை. நோட்டைத் திறந்தாள். "இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை!"

"நான் யாரு?"

"என் பொண்டாட்டி! அதுல என்ன சந்தேகம்?"

"மூணு மணி. மனக்குழப்பம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"குழப்பம் இல்லை, உண்மை!"

"குழம்பினவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மிக அரிதாத்தான் வரும்னு போட்டிருக்கு. பாவம், உங்களுக்கு அதுவும் வந்துருச்சு."

புரூஃப் ரீடர் உடைந்துபோனார். பீரோ, கேரம், டப்பாத் தாள் எல்லாவற்றையும் கொட்டினார். "பதினோரு வருஷம்மா. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தன் கோப்பையைத் தூக்கும்போது நான் கைதட்டிட்டு வரேன். ஒரே ஒரு தடவை எனக்கு யாராவது கைதட்டிப் பாக்கணும்னு ஆசை" என்றார். அதில் நடிப்பு கிடையாது.

அவள் நோட்டை மூடிவிட்டுச் சிரித்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல எத்தனையோ பேஷண்ட் பாத்துட்டேன். அச்சடிச்ச வரிசையில ஒண்ணு விடாம பக்கவிளைவு வந்தவர் நீங்க ஒருத்தர்தான். தலைசுத்தல், தலைவலி, இருமல், குமட்டல், ருசி. தாளை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் அடிச்சேன்."

"அப்ப முதல்லயே தெரியுமா?"

"படுத்தாலும் நின்னாலும் பிரஷர் அசையவே இல்லை. ஏழு மணிக்கே தெரியும்."

"கேரம்?"

"ஒரு வாரமா உங்க ஆள்காட்டி விரல் நகத்துல போரிக் பவுடர். உடம்புல ஒரு புண்ணு கிடையாது. கேரம் பலகையில தூவறதுக்கு இல்லாம வேற எதுக்காம்? மன்ற வாசல்ல 'ஞாயிறு நாலு மணிக்கு ஃபைனல்'னு போர்டு வேற வச்சிருக்காங்க."

அவர் விரலைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். உடம்பு இப்ப நல்லா இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"நல்லா இருக்கு! கல்லு மாதிரி இருக்கு!"

"அப்ப இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எழுதி வாங்காம நான் யாரையும் டிஸ்சார்ஜ் பண்றதில்லை."

'பூரண நலம்' என்று பிழையில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்காலியைத் தாண்டிக் குதித்தார். சட்டையை மாட்டி, முகத்துக்குப் பவுடர் அப்பி, தலையைச் சீவி, வாசலுக்கு ஓடினார். நாலு மணி ஆக இன்னும் அரைமணி இருந்தது. தெருமுனை திரும்பினால் மன்றம்.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. மேலே இரண்டு இரும்பு பீரோ. நடுவில் மச்சினன் நின்றுகொண்டு, "வாங்க மாமா, ஏறுங்க!" என்று கை நீட்டினான்.

"இவன்... இவன் ஒன்பது மணிக்கே வீடு மாறலையா?"

"காலையிலேயே போன் பண்ணினேன்ல" என்றாள் மனைவி, அவர் காலருக்குள் போயிருந்த பவுடரைத் தட்டிவிட்டபடி. "மாமாவுக்கு மூணு மணிக்கு உடம்பு தேறிடும், லாரியை மூணரைக்குக் கொண்டு வாடான்னு சொல்லிட்டேன்."