சந்தனம் வைத்த மேக்னட்டோ

கீரனூரில் இன்ஜினைத் தொடாமலே பாதிப் பழுதை நீக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். உரிமையாளரைத் திட்டியே நீக்கிவிடுவார். இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவில் கெட்டிக்காரர் என்பதால் ஊரில் அவருக்கு மேக்னட்டார் என்றே பெயர்.

"இன்ஜின் தானாக் கெடாதுங்க. என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார். பதில் வராமல் ஸ்பேனரைத் தொட மாட்டார். தண்ணீர் இறைக்கும் இன்ஜினைக் கொண்டுவந்த ஒரு மிராசுதார், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்ததைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "ஒங்க காப்பியிலயும் ஒரு கரண்டி ஊத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

என்னிடம் யுத்தகாலப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஐந்து வயது மகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் முற்றி மூச்சு விசிலடித்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் மதியம்தான். உதைத்து உதைத்துக் கால்தான் வீங்கியது. மேக்னட்டார் ஓடி வந்தார்.

"என்ன செஞ்சீங்க சார்?"

"ஒண்ணுமே செய்யலைங்க."

நம்பினார். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைக்கச் சொன்னார். பொறி இல்லை. வேறு பிளக். இல்லை. ஒயரை மாற்றினார். இல்லை.

"சீக்கிரம்ணே, புள்ளைக்கு ஒதடு நீலமாப் போவுது" என்றாள் மடியில் குழந்தையோடு என் மனைவி. இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று.

கடைசியில் மேக்னட்டோவின் மூடியைத் திறந்தார். தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். பொறி பிறக்கும் இடம் அதுதான் என்று அவரே முன்பு எனக்குக் காட்டியிருந்தார். பேனாவுக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்தவன், அதை விடுவேனா? பூஜை செய்ததைக் கெடுத்த கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பார்த்தார். திட்டுக்குக் காத்திருந்தேன். பிறகு என் மனைவியைப் பார்த்தார். துண்டு முனையால் சந்தனத்தைத் துடைத்தார்.

"நான் போன மாசம் மாட்டுன சாமான்தான் தாயி மோசம் பண்ணிருச்சு. என் தப்புதான்."

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.

"ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். தொண்டையில் துளை போட்டு மகளைக் காப்பாற்றினார்கள். குரலைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் அவள் பேசினால் காற்றுதான் வருகிறது. பக்கத்து அறையில் அவள் கூப்பிட்டிருப்பாளோ என்று நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

எட்டு வருடமாக, மேக்னட்டார் எங்கள் தெருவில் வந்தால் என் மனைவி கதவைச் சாத்துகிறாள். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

இந்தப் பக்கங்களை முதலில் அவளிடம் கொடுக்கப் போகிறேன். அதன்பின் அவள் யாருக்குக் கதவைச் சாத்தினாலும் சரி, அந்த மனிதர் மட்டும் வெளியே நிற்க வேண்டாம்.