மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சம்பந்தம்

ஜெனரல் சாந்தோஸ் நகரம்,
மீன்துறைமுகச் சாலை.

மிலானில் வாழும் அன்பு அக்கா கிரிசாந்தாவுக்கு, தம்பி ரொசாரோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், என் மூட்டுவலி என்னைவிடச் சௌக்கியம். மாதா புண்ணியத்தில் உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது?

முதலில் ஒரு வேண்டுகோள். இனிமேல் அங்கிருந்து சாமான் பெட்டி அனுப்ப வேண்டாம். கோபமில்லை அக்கா. ரேடியோவில் ஒருத்தர் சொன்னார், நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே வருமான வித்தியாசம் குறைந்துகொண்டு வருகிறதாம், ஆனால் பல நாடுகளில் உள்ளுக்குள்ளே கூடிக்கொண்டு போகிறதாம். அதெப்படி இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும் என்று சோறு இறங்காமல் யோசித்தேன். என் மகள் மைலினைப் பெண் கேட்க வந்த அன்று புரிந்துவிட்டது.

அவள் வேலை செய்கிற மீன் டப்பா கம்பெனி முதலாளியின் மகனே அவளை விரும்பிவிட்டான் இல்லையா? மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மாளிகை, இந்தப் பக்கம் நம்ம தகரக் கூரை. மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி சாப்பாட்டோடு வந்தார்கள், முழுப் பன்றி வறுவல் உட்பட. நாம் மட்டும் சும்மா இருக்கலாமா, உங்கள் பெட்டியைப் பிரித்து, இத்தாலி மீன் டப்பாவைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து நடுவில் வைத்தேன். முதலாளி தோன் எவாரிஸ்தோ ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா! மீன்னா இது மீன்! நம்ம ஊருப் பொண்ணுங்களும் அடைக்கறாங்களே, வாயில வைக்க முடியுதா?" என்றார்.

என் மகள் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா? டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். "மாமா, அடியில பாருங்க, நம்ம கம்பெனி முத்திரை. என் வரிசையில அடைச்சதுதான். மிலானுக்குப் போயிட்டு அத்தை பெட்டியில திரும்பி வந்திருக்கு."

முதலாளி டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். கல்யாணத் தேதி குறிக்காமலே காரில் ஏறிவிட்டார். மதிலைச் சுற்றி நடந்தால் வீடு, அதற்கும் கார்! "அப்பா, நான் பொய்யா சொன்னேன்?" என்று மைலின் அழுகிறாள்.

பாருங்கள் அக்கா, மீன் மிலானுக்கே போய் வந்துவிட்டது, இந்த ஒரு மதிலைத் தாண்ட அதனால் முடியவில்லை. நீங்கள் வீட்டு வேலை செய்கிற இடத்து எஜமானியம்மாவும் அவள் தெருவைக் கூட்டுகிறவரும் ஒரே மீனைத்தான் சாப்பிடுகிறார்களா? விசாரித்து எழுதுங்கள், தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மாதா உங்களையும் உங்கள் இடுப்பையும் காப்பாற்றட்டும்.

அன்புத் தம்பி,
ரொசாரோ

பி.கு.: உறையை ஒட்டும்போது மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தான். "மாமா, அப்பா சரின்னுட்டார்! ஈஸ்டர் கழிச்சுக் கல்யாணம். ஒரே ஒரு நிபந்தனை, விருந்துல அந்த மீன்தான் வைக்கணுமாம்."

"அதுக்கென்ன மாப்ளே, உங்க கம்பெனியிலேயே எடுத்துக்கலாமே" என்றேன்.

"ஐயையோ, இத்தாலி லேபிளோட வேணுமாம்!"

அக்கா, பெரிய பெட்டியாகவே அனுப்புங்கள்.