ஆட்சேபணைக்கு முட்டுக் கொடுக்க வராது

கடலூரில் இத்தனை ஜனம் இருக்கிறது. அடுத்தவர் சொன்னதை ஒரே ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளாமல் ஐம்பது வயதைத் தொட்டவன் ஒருவன்தான். கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிப்பவன். பெயர் என்னவோ, எல்லோரும் கூப்பிடுவது ஆட்சேபணை என்று. எதிரே என் இட்லிக் கடை. அதனால் அவன் ஆட்சேபணையில் பாதி என் தலையில்தான் விழுந்தது.

“கடலூர்லேருந்து சிதம்பரம் வரைக்கும் என் இட்லி மாதிரி கெடையாது” என்பேன். என் கடை, நான் சொல்லாமல் யார் சொல்வது?

“வழியில இருக்குற கடையிலல்லாம் சாப்ட்டுப் பாத்தியாக்கா?”

“இல்ல.”

“அப்ப எப்புடி சொல்ற?” கேட்டுக்கொண்டே ஆறாவது இட்லியைப் பிய்ப்பான்.

இவனுக்கு வக்கீலாக ஆசை. இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் வாதத்தை டைப் அடித்தாயிற்று. ஒரு தடவையாவது கறுப்புக் கோட்டுப் போட்டுத் தன் வாயால் பேச வேண்டுமாம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தான். மூன்றாவதுதான் கடைசி என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் தேறிவிடுமாம். ஒரு பத்தியைக் கொடுத்து, ‘கீழே உள்ளவற்றில் எது உண்மையாக இருந்தால் இந்த வாதத்துக்கு வலு சேர்க்கும்’ என்று கேட்பார்களே, அங்கேதான் விழுவான்.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் தெரியும். ஆனாலும் நான் சட்னிக்குத் தேங்காய் துருவும்போது புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்வான்.

“அலையாத்திக் காடு இருந்தா கடல் தண்ணி ஊருக்குள்ள வராதுங்குறான். இதுக்கு எது வலுக்கா? ஒண்ணு, பிச்சாவரத்துல படகு சவாரிக்குக் கூட்டம் ஜாஸ்தி. ரெண்டு, மரத்த வெட்டுன ஊர்ல தண்ணி பூந்துச்சு, வெட்டாத பக்கத்து ஊர்ல பூரல.”

“ரெண்டு.”

“பக்கத்து ஊரு மேடா இருந்திருந்தா?”

“மேடுன்னு எழுதியிருக்கா?”

“இல்ல. ஆனா தண்ணி பூந்ததுக்கு சாட்சி யாரு? அஃபிடவிட் இருக்கா?”

“யப்பா, உண்மைன்னு வச்சிக்கன்னு அவனே சொல்லிட்டான். அந்தாளு பந்தல் போட்டு வச்சிருக்கான். எந்தக் கழிய நட்டா நிக்கும்னு கேக்குறான். நீ பந்தலயே புடுங்குற.”

கேட்டானா? ஒன்று என்றுதான் குறித்தான். படகுக் கூட்டத்தை நேரில் பார்த்திருக்கிறானாம்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சட்டம் போட்டேன். “தேர்வு முடியுற வரைக்கும் என் கடையில ஆட்சேபணை பண்ணா இட்லி கெடையாது. யார் எது சொன்னாலும் முட்டு மட்டும் குடு.”

இட்லிக்காக ஒத்துக்கொண்டான். மழை வரும் என்று ஒருவர் சொன்னால், “ஆமா, எறும்பு மேல ஏறுது” என்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிடும். அப்புறம் ருசி கண்டுவிட்டான். நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர், கரும்புத் தோட்டத்து வரப்பைத் தம்பி நகர்த்திவிட்டான் என்று புலம்ப, அதற்கு நான்கு காரணம் எடுத்துக் கொடுத்தான். பக்கத்து பெஞ்சில் இருந்த அந்தத் தம்பி, “அண்ணந்தான் நவுத்துனாரு” என்றார். அதற்கும் நான்கு. சமாதானம் பேச வந்த அண்ணனும் தம்பியும் என் சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கேஸ் போடப் போனார்கள்.

“வலு எப்புடிக்கா?” என்கிறான். கரண்டியை ஓங்கினேன்.

அந்த வருஷம் தேறிவிட்டான். சிதம்பரத்தில் படிக்க இடம் கிடைத்தது. போகும்போது, “கேள்வி இந்தத் தடவ சுலபம்க்கா” என்றானே தவிர, கழியைப் பற்றியோ பந்தலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. தொலைந்தது என்று கடையைக் கழுவிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறி வந்து நின்றான்.

“ஏன், சிதம்பரத்துல இட்லி கெடையாதா?”

“ஒம்போது கடையில சாப்ட்டுப் பாத்துட்டேன்க்கா. நீ சொன்னதுக்கு இப்பதான் வலு சேருது. வழியில இருக்குற கடைங்கதான் பாக்கி. வாரத்துக்கு ஒண்ணா எறங்கிப் பாத்துடுறேன்.”

“ஒண்ணும் வேணாம். வயித்தக் கெடுத்துக்காம நேரா இங்க வந்துடு.”

கேட்காமலே இரண்டு இட்லி கூட வைத்தேன். தொட்டு வாயில் வைத்தவன், “சாம்பார்ல உப்பு கம்மி” என்றான். கம்மிதான். ஒரு வாரமாக அதைச் சொல்ல இங்கே ஆள் இல்லை.