என்னை எதிர்த்து நான் எழுதிய பெட்டிசம்

சனிக்கிழமை காலை எனக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. பாலாவிக்கு இந்தப் பக்கம், உப்பளத்துக்குப் பின்னால், களப்பு என்கிற கடலேரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் முள் வெட்டுவது.

பாதை ஊருடையது. தோணிக்காரரும் ஆடுகளும் போவது அதால்தான். இடையில் வந்து அதில் மலைச் சைக்கிள் ஓடுகிறவர்கள் நாங்கள். புத்தளத்தில் மலை எங்கே என்று கேட்காதீர்கள். இங்கே ஆக உயரமான இடம் உப்புக் குவியல். அதிலும் ஏற விடமாட்டார்கள்.

இருபது வருஷம் மெல்பனில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் ஊரைத் திருத்துகிற வருத்தம் ஒன்று தொற்றும். சிலர் பள்ளிவாசலுக்கு மாபிள் பதிப்பார்கள். எனக்கு இந்தப் பாதை.

களப்போரக் காணிகளுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் இறால் பண்ணை போட விலை பேசுவதாகக் கதை அடிபட்டது. பாதையைப் பொதுப்பாதை என்று பதிவில் ஏற்றாவிட்டால், ஒரு நாள் விடிய எழும்பிப் பார்க்கும்போது கம்பி வேலி நிற்கும். எங்கள் சைக்கிளும் போச்சு, ஊருக்குக் களப்பும் போச்சு.

அதற்காக ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதிக்கொண்டு மூன்று கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினேன். கிடைத்தது இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியுடையது. அவவும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் போட்டா.

"பாதை எங்க தம்பி ஓடிப்போகப் போகுது?" என்றார் ஜவ்பர் நானா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர். அந்தப் பாதையால்தான் தினமும் தோணிக்குப் போகிறார். "கையெழுத்த வச்சா பிறகு கோட்டுக்கு இழுப்பாங்க. எனக்கெதுக்கு அது?"

ஆடு வளர்க்கும் சித்தி ராத்தா, "வீட்டு ஆம்பிளையக் கேட்டுச் சொல்றேன்" என்றா. அவவுடைய வீட்டில் ஆம்பிளை என்று இருப்பது ஒரு கிடாய்.

இந்த நிலையில்தான் ஜீ.எஸ். மாத்தயா, அதாவது எங்கள் கிராம உத்தியோகத்தர், திங்கட்கிழமை பாதையைப் பார்க்க வருவதாகச் சொன்னார். இரண்டு பக்கத்தாலும் உடைமர முள் கவிந்து, குனிந்து போக வேண்டிய பாதை. ஜீ.எஸ். குனிகிற ஆள் இல்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு "பாவனையில் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர். தலைவர் நிஸ்தார், தில்லையடியில் போன் கடை வைத்திருப்பவன். முள் வெட்ட வரச் சொல்லிப் போட்டேன். எல்லாரும் "இன்ஷா அல்லாஹ் வாறேன்" என்றார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்னவோ எனக்குத் தெரியாது. இவர்களுக்கு நாட்டம் இல்லை. காலை ஏழு மணிக்குக் கத்தியும் மம்பட்டியுமாக நின்றது நான் ஒருவன்தான்.

சரி, தனியாகவே செய்து காட்டுவோம் என்று இறங்கினேன். அதுவும் முறைப்படி. மெல்பனில் இதற்கென்று இரண்டு நாள் வகுப்புக்குப் போனவன் அல்லவா. வெட்டிய முள்ளைக் கண்ட கண்ட இடத்தில் எறியக்கூடாது. பாதையின் இரு பக்கமும் நேர்கோட்டில் அடுக்க வேண்டும். அப்போதுதான் சைக்கிள் பக்கத்துப் பற்றைக்குள் இறங்காது.

அடுக்கினேன். இரண்டு சைக்கிள் விலகுமா என்று அளவு நாடா பிடித்து அகலம் அளந்தேன். திருப்பங்களில் கல் நட்டு வெள்ளைச் சாந்து பூசினேன். மரங்களில் சிவப்பு நாடா கட்டினேன். கடைசியாக எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன்.

இந்த ஊரில் காணி பிடிக்கிறவன் செய்வதும் இதே வேலைகள்தான், இதே வரிசையில்தான். படம் எடுக்கும்வரை அது என் படித்த மூளைக்கு எட்டவில்லை. படம் எடுத்த பிறகும் எட்டவில்லை.

பத்து மணிபோல ஜவ்பர் நானா வலைக்கூடையோடு களப்பிலிருந்து வந்தார். முள்ளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"எதுவரைக்கும் தம்பி?"

"களப்பு வரைக்கும் நானா," என்றேன் பெருமையாக.

"முழுசுமா?"

"முழுசும். இனி எங்கட ஆக்கள்தான் பாத்துக்கொள்ளுவாங்க."

ஸலாம் சொல்லாமல் போனார். மனிதருக்கு மீன் படவில்லைபோல என்று நினைத்தேன்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்த கையோடு ஊர் வந்தது. மூன்று கிழமை கதவுக்குப் பின்னால் நின்று "பிறகு வாங்க" என்ற அத்தனை முகமும் வந்தது. முன்னால் சித்தி ராத்தா, அவவுக்குப் பின்னால் ஆடுகள்.

"என்ட ஆடு இனி எதால போறது? உங்கட தலைக்கு மேலாலயா?"

"ராத்தா, இது வேலி இல்ல. சைக்கிள் ஓடுறதுக்குத் துப்புரவாக்கினது."

"கேட்டீங்களா? ஊர்ப் பாதைய சைக்கிளுக்கு எடுக்கிறாராம்."

"சாதாரண சைக்கிள் இல்ல, மலைச் சைக்கிள்," என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"மலை எங்க கிடக்கு?" என்றது ஒரு குரல்.

"அதையும் எங்கயோ வாங்கிப் போட்டிருப்பாரு," என்றது இன்னொன்று.

"இது தொண்டு வேலை. எனக்கு ஒரு சதமும் இல்ல," என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன்.

ஜவ்பர் நானா முன்னுக்கு வந்தார். "ஒரு சதமும் இல்லாம இந்த வெயிலுக்க நிண்டு உடமுள்ளு வெட்டுற மனுஷன் ஆர் தம்பி? சொந்தக் காணியெண்டாத்தான் வெட்டுவான்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை.

"ஜீ.எஸ். திங்கக்கிழம வாறாரு. பெட்டிசம் ஒண்டு அடிப்போம்," என்றார் ஒருவர்.

பெட்டிசம் என்றதும் கூட்டத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எங்கள் சனத்துக்குக் கோரிக்கை என்றால் பேனா அகப்படாது. ஒருவனுக்கு எதிராகப் பெட்டிசம் என்றால் பேனாவை வீட்டிலிருந்தே கொண்டு வருவார்கள்.

"சிங்களத்துலயும் வேணும். மேல அதைத்தான் வாசிப்பாங்க," என்றார் ஜவ்பர் நானா. பிறகு சுற்றிப் பார்த்தார். சிங்களம் பிழையில்லாமல் எழுத யார் இருக்கிறார்கள்?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிலாபத்தில் சிங்களத்திலும் பிறகு இங்கே தமிழிலும் படித்தவன் என்பது ஊருக்கே தெரியும்.

"நீங்கதான் எழுதணும்," என்றார் நானா, கொஞ்சமும் கூசாமல். "கோபம் வேற, எழுத்து வேற."

பக்கத்து வீட்டிலிருந்து கதிரையும் ஸ்டூலும் வந்தன. பிளேன்டீயும் வந்தது. மூன்று கிழமை கோரிக்கையோடு திரிந்தபோது ஒரு வீட்டிலும் பிளேன்டீ தரவில்லை.

"இது தலைமுறையாப் பாவிக்கிற பொதுப்பாதையெண்டு எழுதுங்க," என்றார் ஒருவர். "ஆரும் அடைக்க ஏலாதெண்டு எழுதுங்க," என்றார் மற்றவர். என் கோரிக்கைக் கடிதத்தை அட்சரம் பிசகாமல் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்தேன். நான் கள்ளன் இல்லை என்று நிரூபித்துவிட்டால் இவர்கள் பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பாதை இறால் பண்ணைக்குப் போகும். வாயை மூடிக்கொண்டு எழுதினேன். என்னைப் பற்றிய பந்தி கொஞ்சம் தாராளமாகவே வந்தது. 'பேராசை' என்ற சொல் நான் போட்டது.

கால் மணி நேரத்தில் கையெழுத்தால் தாள் நிரம்பிப் பின்பக்கமும் திரும்பிற்று. சித்தி ராத்தா கிடாயைக் கேட்காமலே போட்டா. அந்த நேரம் பார்த்து நிஸ்தாரும் வந்து சேர்ந்தான். "என்ன சனம்?" என்று கேட்டான். தாளை முழுக்க வாசித்தான். என்னைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

"இந்தாள் திரும்பியும் வராம இருக்க ஒரு வரி போடுங்க," என்றா ராத்தா. வேகத்தில் அதையும் போட்டேன், இரண்டு மொழியிலும்.

திங்கட்கிழமை ஜீ.எஸ். மாத்தயா வந்தார். குனியாமல் களப்புவரை நடந்தார். சிங்களப் பிரதியை வாசித்து, "நல்ல எழுத்து. யார் எழுதினது?" என்றார். ஊரே என்னைக் கைகாட்டியது. அவர் ஒன்றும் கேட்காமல் பரிந்துரையில் கையெழுத்து வைத்தார். அடுத்த மாதமே பொதுப்பாதை என்று பலகை நட்டார்கள். இறால்காரர் வேறு ஊர் பார்க்கப் போய்விட்டார்.

பலகை நட்ட கிழமையே, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளோடு போனேன். பலகைக்குக் கீழே ஜவ்பர் நானா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"ஏலாது தம்பி. பெட்டிசத்துல இருக்கு."

"ஏறி ஓடத்தானே ஏலாது. தள்ளிக்கொண்டு போறேன்."

வலைக்கூடையிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய போட்டோப் பிரதியை எடுத்து, விரலை வைத்து வாசித்தார். "மேற்படி நபர் மிதிவண்டியில் ஏறியோ, அதனைத் தள்ளியோ, வேறெவர் மூலமாகவோ இப்பாதையினுள் பிரவேசித்தல் ஆகாது."

நிஸ்தாரும் ஆட்களும் மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிக் களப்புப் பக்கம் போனார்கள்.

சிங்களப் பிரதியையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் ஓர் ஓட்டை விடாமல்தான் எழுதியிருக்கிறேன்.