தம்பி டெரிக், அந்த வால்வை உடனே மாற்று

கீத்லி,
டிசம்பர், ஞாயிறு மதியம்

அன்புத் தம்பி டெரிக்குக்கு,

அண்ணன் நார்மன் எழுதுவது. இங்கே மழை. உன் ஊர் மோர்காமிலும் மழைதான் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அதை எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டாம். உன் இடுப்பு, உன் வீட்டுக்காரி ஜாய்ஸின் இருமல், நாயின் காது மூன்றும் தேறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. குறை சொல்லும் பழக்கமும் நம் குடும்பத்தில் கிடையாது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், அதற்குக் காரணம் இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. குழாயில் வெந்நீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, பாய்லரைப் பார்த்தவன் டைவர்டர் வால்வு போய்விட்டது என்கிறான், ஜாய்ஸோ வசந்தம் வரை கிடக்கட்டும் என்கிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். மாற்று. இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போடுவதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு மாற்று. ஜாய்ஸ் சொல்வதைக் காதில் வாங்காதே. ஜாய்ஸ் என் வீட்டுக்காரி எய்லீனோடு வாராவாரம் தொலைபேசியில் பேசுகிறவள் என்பதை மறக்காதே. நாமிருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஜோடியாக வாங்கினால் தள்ளுபடி என்று சொன்னதால் வாங்கிய பாய்லர்கள் இவை. என் வீட்டில் நடந்ததுதான் உன் வீட்டிலும் நடக்கும். என்ன நடந்தது என்று கேள்.

என் வீட்டுச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம், அதுதான் அந்தத் தெர்மோஸ்டாட், அதன் முள் பதினைந்து டிகிரியில் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். எய்லீன் அதை மெல்லத் திருகுவாள், நான் மெல்லத் திருப்பி வைப்பேன், இப்படியே எங்கள் இல்லறம் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் அதன்மேல் தகரப் பெட்டி ஒன்று செய்து மாட்டிப் பூட்டும் போட்டேன். குளிர்ந்தால் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, நம் அப்பா வேறென்ன சொல்லி நம்மை வளர்த்தார்? இந்த இலையுதிர் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், சூடு கூரை வழியாக வெளியேறாமலிருக்கப் பரண் முழுக்க என் கையாலேயே பஞ்சு விரித்தேன். இறங்கி வந்தபோது ரோமம் கத்தரிக்காத ஆடு மாதிரி இருந்தேன், இரண்டு நாள் தும்மினேன். ஆனால் நவம்பர் பிறந்ததும் பார்க்க வேண்டுமே! வீடு கதகதவென்று ஆகிவிட்டது. எய்லீன் வீட்டுக்குள் கோட்டைக் கழற்றினாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் பதினைந்து, அதே பதினைந்து! "எல்லாம் உன் பரண் வேலைதான் நார்மன், நீ இவ்ளோ கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று எய்லீன் என் தோளைத் தட்டினாள். எய்லீன் என்னைப் பாராட்டுகிறாள் என்றால் அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கவனிக்கத் தவறியவை இன்னும் உண்டு. எய்லீனுக்குத் திடீரென்று பாத்திரம் கழுவும் வெறி பிடித்தது. கழுவிய கோப்பையையே கழுவினாள். மதியமானால் சர்ச் பெண்கள் கூட்டமாக வந்து டீ குடித்தார்கள், குடித்த கையோடு கழுவுவதற்கு வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஹில்டா ஒரே சாஸரை மூன்று தடவை கழுவியதை என் கண்ணால் பார்த்தேன். "உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறதே ஒரு சுகம் நார்மன்" என்றாள். மற்றவர்கள் அடுப்பங்கரையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் குளியல் மட்டும் வெதுவெதுப்பாகப் போய்விட்டது, சவரம் செய்தால் முகம் எரிந்தது. டீ ஆறினாலே சண்டைக்கு வருகிற எய்லீன், "வெதுவெதுப்பா குளிச்சாத்தான் உடம்புக்கு நல்லது" என்று எனக்கே வைத்தியம் சொன்னாள். கேஸ் மீட்டர் வேறு தலைதெறிக்க ஓடியது. மீட்டருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை, வராமலேயே போகட்டும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பந்துருட்டும் கிளப்புக்கு நான் தலைவன், என் தலைவர் நாற்காலியில் எப்போது உட்காரலாம் என்று கண்ணை வைத்திருக்கிறவன் வால்டர் ஹெப்வொர்த். ஒரு நாள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பரணில் பஞ்சு விரித்தால் போதும், சுவர் சக்கரத்தைத் தொடவே வேண்டாம் என்று அரை மணி நேரம் பேசினேன். பேச்சின் சூட்டில், "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் வீட்டு முள்ளு பதினைஞ்சைத் தாண்டாது, தாண்டினா என் நாற்காலியை வால்டரே எடுத்துக்கலாம்" என்றும் சொல்லிவிட்டேன். வால்டர் அதைக் கிளப் குறிப்பில் எழுதச் சொன்னான். அடுத்த சனிக்கிழமை கிளப் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டைச் சோதிக்கவும் வந்துவிட்டான்.

அன்றைக்குப் பார்த்து எய்லீன் சர்ச் பெண்களோடு கிறிஸ்துமஸ் சாமான் வாங்க லீட்ஸுக்குப் போயிருந்தாள். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். உட்கார உட்கார வீடு சில்லிட்டது. ஒருவர் கழற்றிய மப்ளரை மறுபடி சுற்றிக்கொண்டார். "அசல் பதினஞ்சு டிகிரி, கலப்படமே இல்ல" என்றான் வால்டர். "ஏன் நார்மன், உன் பரணுக்கு இன்னைக்கு லீவா?" என்று வேறு கேட்டான். மானத்தைக் காப்பாற்ற டீ போடலாம் என்று எழுந்தேன். எய்லீன் போட்டுவிட்டுப் போன கோப்பைகளைக் கழுவ வேண்டும், குழாயில் சூடான தண்ணீர் இப்போ வரும், அப்போ வரும் என்று திறந்துவிட்டுக் காத்திருந்தேன். வால்டர் பின்னாலேயே வந்து, சுவரோரம் ஆறிக் கிடந்த, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டு என்னைச் சீண்டிக்கொண்டிருந்தான். சீண்டலின் நடுவே துள்ளிக் குதித்தான்.

"அடேய், சுடுதுய்யா!"

தொட்டுப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். "மூடு" என்றான், மூடினேன். கொஞ்ச நேரத்தில் ஆறியது. "திற" என்றான், திறந்தேன். மறுபடி சுட்டது. கிளப் ஆட்கள் இருவரும் வந்து ஆளுக்கொரு கையை ரேடியேட்டரில் வைத்தார்கள். பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "உன் வீட்டைச் சூடாக்குனது பஞ்சு இல்ல நார்மன், எய்லீன் கழுவுன கோப்பைங்க!" என்றான் வால்டர். விஷயம் இவ்வளவுதான் டெரிக்: கொதிநீரைக் குழாய்க்கு விடுவதா ரேடியேட்டருக்கு விடுவதா என்று திருப்புகிற அந்த வால்வு நடுவழியில் சிக்கிக்கொண்டது. குழாயைத் திறந்தால் பாய்லர் எரியும், சூட்டில் பாதி ரேடியேட்டருக்குப் போய்விடும். என் பூட்டைக் கேட்பாரில்லை.

எய்லீன் பைகளோடு வந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நவம்பர்ல மழை புடிச்சுதே, அன்னிக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிடுவியே, கண்ணு."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவள் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "கல்யாணமானதுலேருந்து வீட்டுக்குள்ள கோட்டு போட்டுக்கிட்டுதான் டீ குடிச்சிருக்கேன். இந்த ஒரு மாசந்தான் விரல் விறைக்காம ஊசி புடிச்சுப் பின்னினேன். சக்கரத்துக்குப் பூட்டு போட்ட, கோப்பை கழுவுறதுக்குமா போடுவ?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. திங்கட்கிழமையே பாய்லர் பழுது பார்க்கும் ட்ரெவரை வரவழைத்தேன். புது வால்வு போட்டான். எய்லீன் அவனுக்கு டீ மட்டும் கொடுத்தாள். "பிஸ்கட் ஏதாவது...?" என்று இழுத்தான். டப்பா அவன் கண்ணெதிரே இருந்தது. "தீர்ந்துபோச்சு" என்றாள். இந்த ஊரில் ஒரு தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய அவமானம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது என் குளியல் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. மீட்டர் ஒழுங்காக நடக்கிறது. முள் பதினைந்தில் நிற்கிறது, நாற்காலி என்னிடம் இருக்கிறது. ஆகவே தயங்காதே, மாற்று. ஜாய்ஸ் கண்ணீர் விட்டாலும் மாற்று.

ஜாய்ஸுக்கு என் அன்பு, நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. கிறிஸ்துமஸ் உங்கள் வீட்டில் கதகதப்பாக அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நார்மன் ஆக்ராய்ட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பது கையுறையோடு எழுதுவதால். எய்லீன் வீட்டில் இல்லை. இப்போதெல்லாம் மதியமானால் ஹில்டா வீட்டுக்குப் பின்னலோடு போய்விடுகிறாள், இருட்டிய பிறகுதான் வருகிறாள். இன்று ஞாயிறு விருந்துக்கு எனக்கு மூடி வைத்துவிட்டுப் போனது ஆறிப்போன பன்றித் தொடைக்கறி இரண்டு துண்டு. வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது டெரிக், எனக்கு அது பிடிக்கவில்லை. சக்கரத்தைத் திருகலாம் என்றால் வால்டர் தினமும் எட்டிப் பார்த்து முள்ளைச் சோதித்துவிட்டுப் போகிறான். அதனால் நீ மாற்றும்போது பழைய வால்வை அந்த ஆள் எடுத்துப்போக விடாதே. என்னுடையதை ட்ரெவர் இரும்புக்கடையில் போட்டுவிட்டான். உன்னுடையதைச் செய்தித்தாளில் சுற்றி எனக்கு அனுப்பு. கெட்டுப்போன அதை என் பாய்லரில் மாட்ட வேண்டும் என்றதும் ட்ரெவர் முதலில் முடியவே முடியாது என்றான், ஒரு டப்பா நிறைய பிஸ்கட் தருவதாகச் சொன்ன பிறகு யோசிக்கிறான். ஜாய்ஸிடம் மூச்சு விடாதே, அவள் எய்லீனிடம் சொல்லிவிடுவாள். வால்வு தானாகவே மறுபடி கெட்டுப்போனதாக எய்லீன் நினைக்கட்டும். அவள் கோப்பை கழுவத் தொடங்கும்போது நான் ஒன்றும் தெரியாதவன் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என் பரண் வேலையைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருப்பேன்.