வரிச்சலுகை ஃப்ரிட்ஜ்

அந்த ஜனவரியில் டுவேன் ஒரு சபதம் எடுத்தார். பேஸ்மென்ட்டில், சோபாவிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், தனக்கே தனக்கென்று ஒரு ஃப்ரிட்ஜ்.

ஆசை நியாயமானது. கராஜில் வைத்த பீர், மினசோட்டா குளிரில் உறைந்து வெடித்துவிட்டது. சமையலறை ஃப்ரிட்ஜிலோ மனைவி மார்லிஸின் வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தன.

மார்லிஸிடம் ஆசையைச் சொன்னால் காரியம் நடக்காது. சிக்கனத்தைச் சொன்னால் நடக்கும். முப்பத்தெட்டு வருட அனுபவம். டுவேன் அவரைக் கடைக்கே கூட்டிப்போனார்.

"நீல ஸ்டிக்கரைப் பாத்தியா மார்லிஸ்? கரண்ட் மிச்சம் பண்ற ஃப்ரிட்ஜ். விலையில நூத்துக்கு முப்பது வரியில கழிஞ்சிடும்!"

"யாரு சொன்னா?"

"ஸ்டிக்கரே சொல்லுதே!"

"அது கரண்ட் பில்லைப் பத்தில்ல சொல்லுது?"

"கவர்மென்ட் குடுக்கறதை வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தார். "சரி. வரியில கழிஞ்சா இதை வாங்கலாம். கழியலைன்னா, எது கழியுமோ அதை வாங்கலாம். சம்மதமா?"

"சம்மதம்!" டுவேன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வருடா வருடம் வரிப் படிவத்தை நிரப்புவது மார்லிஸ், தான் கையெழுத்து மட்டுமே போடுகிறவர் என்பது குலுக்கி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மார்லிஸ் கைப்பையிலிருந்து வரிச்சலுகைப் பட்டியல் அச்சடித்த ஒரு தாளை எடுத்தார்.

"ஃப்ரிட்ஜ் கிடையாது. வாஷிங் மெஷின் கிடையாது. டிஷ்வாஷர் கிடையாது. ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் உண்டு. நம்ம பழைய ஹீட்டர்ல பாதிக் குளியல்லயே தண்ணி ஆறிப்போகுதுல்ல?"

"இதெல்லாம் எப்ப படிச்சே?"

"போன வாரம் நீ தூக்கத்துல ஃப்ரிட்ஜ் ஃப்ரிட்ஜ்னு உளறினப்ப."

இரண்டு வாரத்தில் ஹீட்டர் வந்தது. பேஸ்மென்ட்டில், சோபாவுக்குப் பக்கத்திலேயே நின்றது. மேலே மார்லிஸ் முக்கால் மணி நேரம் பாட்டுப் பாடிக் குளித்தார். கீழே டுவேன் ஹாக்கி பார்த்தார். முதல் கோல் விழுந்தபோது தொப்பி போட்டார். மூன்றாவது கோலுக்கு, மான் வேட்டைக்குப் போகும் ஆரஞ்சு கோட்டும் கையுறையும் ஏறிவிட்டன.

"மார்லிஸ்! இந்த மெஷின் ரூம்ல இருக்கற சூட்டையெல்லாம் உறிஞ்சித் தண்ணிக்குக் குடுக்குது! இங்க மனுஷன் உக்கார முடியல!"

மார்லிஸ் ஈரத்தலையும் சிவந்த கன்னமுமாக இறங்கி வந்தார். கையில் ஒரு பெட்டி பீர். அதை டுவேனின் காலடியில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.

"ஃப்ரிட்ஜ்தானே கேட்டே? இப்ப அதுக்குள்ளயேதான் உக்காந்திருக்கே."